படைத்தலைவரின் கால்

மருந்துக்கடையம்மாவின் பேத்திக்கு ஒரு வயது நிறைந்த அன்று, கேக் வெட்டி, குழந்தையின் மூக்கில் ஒட்டிய க்ரீமைத் துடைத்து முடிப்பதற்குள், சம்பந்தி ஓர் ஆள் உயரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. அவரே அதை இழுத்துவிட்டு, அவரே முதலில் கை தட்டினார்.

குடும்ப மரம். வேரிலிருந்து நுனிக்கிளை வரை பொன்னிற மையில் அச்சடித்தது. வலது பக்கம், அதாவது குழந்தையின் அம்மா வழியில், பெட்டி பெட்டியாகத் தலைமுறைகள். எல்லாவற்றுக்கும் அடியில், வேரில், கையில் வாளோடு ஒரு மீசைக்காரர். ‘படைத் தலைவர்’ என்று அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இடது பக்கம் மொட்டை மரமாக நின்றது. மகனுக்கு ஒரு பெட்டி, மருந்துக்கடையம்மாவுக்கும் போய்ச் சேர்ந்த அவள் கணவருக்கும் ஆளுக்கொரு பெட்டி, அவள் அப்பாவுக்கு ஒன்று. அதற்கும் கீழே ஒரே ஒரு பெட்டி. அதற்குள் ‘தெரியவில்லை’ என்று இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா,” என்றார் சம்பந்தி. “உங்க பக்கம் நல்லா விசாரிச்சுப் பார்த்தேன். யாருக்கும் ஒண்ணும் தெரியல. எங்களுக்கு வரலாறு இருக்கு. உங்களுக்கு… மனுஷங்க இருக்காங்க.”

மருந்துக்கடையம்மா சிரித்த முகமாகத் தலையாட்டினாள். வயிறு எரிந்தது. அதற்கு மாத்திரை எது என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். ஆனால் இது அந்த எரிச்சல் இல்லை.

மகனுக்குப் பெண் எடுத்த நாளிலிருந்து நடக்கிற கூத்து இது. சம்பந்தி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் படைத்தலைவர் குதிரையில் ஏறிவிடுவார். அவருடைய கொள்ளுத்தாத்தா பத்துப் படைக்குத் தலைவர். ஒரே நாளில் முப்பத்தேழு பேரைச் சாய்த்தவர். கல்யாணப் பந்தியில் தண்ணீர் வரத் தாமதமானபோது கூட, “படைத் தலைவர் இருந்திருந்தா இப்படி ஆகுமா?” என்று கேட்டவர் சம்பந்தி.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது மருமகள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மருமகள் கை கால் பிடிப்புக்குப் பயிற்சி கொடுக்கிறவள். எதையும் இழுத்து நீட்டித்தான் பேசுவாள்.

“அத்தை, அந்த ஆளோட நான் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்.”

“யாரோட?”

“படைத் தலைவரோட. ஊசி போட்டா அழக் கூடாது, அவர் பேத்தி. கணக்குல பெயிலாகக் கூடாது, அவர் பேத்தி. நூலக மாடியில சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு வகுப்பு நடக்குதாம், முன்னோரைத் தேடுறது எப்படின்னு. நீங்க போங்க. போயி அந்தப் பெட்டியை நிரப்புங்க. கொலைகாரன் கிடைச்சாலும் பரவாயில்ல.”

போனாள்.

நூலக மாடியில் பதினொரு நாற்காலி, இரண்டு மின்விசிறி. ஒன்று சுற்றியது, ஒன்று மரியாதைக்குத் தொங்கியது. பாடம் எடுத்தவர் ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். தும்மாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார் என்பதால் அவருக்குத் தூசி சார் என்று பெயர். அதை அவரே சொல்லித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாதுன்னு ஏன் சொல்லி வச்சாங்க தெரியுமா?” என்று தொடங்கினார். “பார்த்தவங்க சொன்னது அது. இங்க வர்ற பத்துப் பேருல ஒன்பது பேரு ராஜாவைத் தேடி வருவீங்க. ராஜா கிடைக்க மாட்டாரு. ராஜாவுக்குக் குதிரைச் சாணி அள்ளினவர் கிடைப்பாரு. அவருக்கும் ஒரு வணக்கம் போட்டுட்டுப் போறவங்க மட்டும் உட்காருங்க.”

ஒரு பல் மருத்துவர் எழுந்து போய்விட்டார்.

மிச்சப்பேருக்குத் தூசி சார் வழி சொன்னார். முதலில் தெரிந்ததை எழுது. பிறகு வீட்டில் உயிரோடு இருப்பவர்களைக் கேள். காகிதம் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். பிறகு பிறப்புப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், கப்பலில் போனவர் பட்டியல், கல்லறைக் கல். ஒரு பக்கம் கிடைத்ததும் துள்ளிக் குதிக்காதே. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புரட்டு. “காகிதமும் பொய் சொல்லும்,” என்றார். “ஆனா சொந்தக்காரங்க அளவுக்குச் சொல்லாது.”

இரண்டாவது வாரம்தான் மருந்துக்கடையம்மாவின் மதிப்பு தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிற ஒரு பெண். அவளுடைய தாத்தா சுருட்டு வாங்கிவருகிறேன் என்று போனவர், கப்பலேறி, திரும்பவே இல்லை. கப்பல் பட்டியலின் நகலை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். எறும்பு மையில் விழுந்து எழுந்து ஊர்வலம் போன மாதிரி ஒரு கையெழுத்து. தூசி சாரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். மருந்துக்கடையம்மா எட்டிப் பார்த்து, காய்கறிப் பட்டியல் படிக்கிற மாதிரி படித்தாள்.

“வயது முப்பத்தொண்ணு. இடது காதில் மச்சம். தொழில், சமையல். கூட வந்தவர்: மனைவி.”

“மனைவியா? எங்க பாட்டி இங்கதான இருந்தாங்க?”

“அது உங்க பாட்டி இல்லம்மா,” என்றாள் மருந்துக்கடையம்மா.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. “எப்படிங்க படிச்சீங்க?” என்று கேட்டார் தூசி சார்.

“முப்பத்திரண்டு வருஷம் டாக்டருங்க கையெழுத்தைப் படிச்சவ சார். இவன் தேவலை. இவன் எழுத்தாவது எழுதறான்.”

அன்றிலிருந்து அவளுக்கு ஓய்வு இல்லை. சனிக்கிழமை காலையில் படி ஏறும்போதே நாலு பேர் நகலோடு நிற்பார்கள். பதிலுக்கு அவள் பெட்டியை நிரப்பத் தூசி சார் ஓடியாடி உதவினார். மூன்றே மாதத்தில் ஆள் கிடைத்தது.

அவள் அப்பாவைப் பெற்ற தாய், ஒரு கப்பல் தச்சரைக் கல்யாணம் செய்திருந்தாள். இரண்டு வருஷத்தில் பிரிந்தாள். அடுத்து ஒரு பள்ளிக்கூட எழுத்தரைக் கட்டினாள். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மூன்றாவதாக ஒரு கல்யாணம். அந்தப் பதிவில் ‘முந்தைய கணவர்’ என்று ஒரு கட்டம். அதில் எழுத்தரின் பெயர். ‘அதற்கு முந்தைய கணவர்’ என்று பதிவாளர் தானாகவே ஒரு கோடு கிழித்து, அதற்கு நேராக எழுதியிருந்தார்: ‘இவரே.’

கப்பல் தச்சரையே மறுபடி கட்டியிருந்தாள்.

அவள் அப்பா பிறந்த தேதியைத் தூசி சார் விரல் விட்டு எண்ணினார். தச்சரைப் பிரிந்து ஒன்றரை வருஷம். எழுத்தரைக் கட்டி ஐந்து மாதம்.

“அப்ப எழுத்தர்தான் உங்க தாத்தா,” என்றார் தூசி சார். “ஆனா அவரு கொஞ்சம்… முன்கூட்டியே வேலையில சேர்ந்துட்டாரு போல.”

மருந்துக்கடையம்மா சிரித்த சிரிப்பில் கீழே வாசகர் அறையிலிருந்து ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். ‘தெரியவில்லை’ பெட்டிக்குள் எழுத்தரின் பெயரை அவளே பேனாவால் எழுதினாள். ஓரத்தில் தச்சருக்கும் இடம் விட்டாள். பாவம், இரண்டு தரம் மாலை போட்டவர்.

சம்பந்திக்கு விஷயம் எட்டியது. வீட்டுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“இதையெல்லாம் வெளிய சொல்லணுமா சம்பந்தியம்மா? ஐந்து மாசம்னு எல்லாம்… எங்க பக்கத்துல இந்த மாதிரி ஒண்ணுமே கிடையாது.” பிறகு தொண்டையைச் செருமினார். “இருக்கட்டும். பழைய எழுத்து நல்லாப் படிக்கறீங்களாமே? எனக்கு ஒரு உதவி வேணும்.”

அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை அவர் குலத்தாரெல்லாம் ஒன்றுகூடப் போகிறார்களாம். நூற்று நாற்பது பேர். மண்டபம் பிடித்தாயிற்று, வாள் படம் போட்ட டி-ஷர்ட் அடித்தாயிற்று. அவருடைய அண்ணன், தலைமையாசிரியராக இருந்தவர், படைத்தலைவருக்குச் சிலை வைக்கலாம் என்கிறார். அதற்கு முன்னால் ஆதாரத்தைப் பிசகில்லாமல் பெயர்த்து எழுதி, படித்தவர் கையெழுத்தோடு மேடையில் வைக்கவேண்டும். ஆதாரம் என்பது ஒரே ஒரு பக்கம். இருபது வருஷத்துக்கு முன் காப்பகத்தில் எடுத்த நகல். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னோர் உறையில் போட்டு வைத்திருந்தார்.

“நான் படிச்சுட்டேன். நீங்க சும்மா எழுதிக் குடுத்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டு அவரே மனப்பாடமாக ஒப்பித்தார். “படைத் தலைவர். படை பத்து. ஆள் நாற்பது. படைக்கு மூங்கில் நூற்றிருபது, கயிறு அறுபது கட்டு பெற்றுக்கொண்டார். இன்று ஒரே நாளில் முப்பத்தேழு பேரை எடுத்தார்.”

“மூங்கில் எதுக்கு?”

“ஈட்டிக்கு.”

“கயிறு?”

“கோட்டை ஏற.”

“பத்துப் படைக்கு நாற்பதே ஆளா சம்பந்தி? ஒரு படைக்கு நாலு பேரு வருது.”

“அந்தக் காலத்து வீரனுங்க,” என்றார் சம்பந்தி. “ஒருத்தன் நூறு பேருக்குச் சமம்.”

அவர் போன பிறகு அவள் உறையைப் பிரித்து, சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தாள். நாலு பேர், நாலு பேர் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மனிதனுக்குக் கடைசியில் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள், நாலு பேர். அவள் எழுந்துபோய் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள்.

‘பத்து’ என்ற சொல்லில் ப தனியாக, சுத்தமாக நின்றது. ‘படை’ என்ற சொல்லில் ப-வை ஒட்டி ஒரு மெல்லிய கோடு. மை வெளுத்து, ப-வின் வலது கம்போடு ஒட்டி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு கோடு. மூன்று இடத்திலும் இருந்தது. மூன்றாவது இடத்தில் வளைந்து இறங்கி, நான் கால்தான் என்று சத்தியமே செய்தது.

படை இல்லை. பாடை.

பாடைத் தலைவர். பாடை பத்து. ஆள் நாற்பது.

மருந்துக்கடையம்மா நாற்காலியில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஈட்டிக்கு மூங்கிலாம்! கோட்டை ஏறக் கயிறாம்! முப்பத்தேழு பேரை எடுத்தார். எடுக்கத்தான் எடுத்தார், பாவம், தோளில். ஆறு வருஷமாக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் ஒரே ஒரு கால் பதில் சொல்லிவிட்டது. அடுத்த பிறந்தநாளைக்கு எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று அடுப்படியில் நின்றபடியே இரண்டு விதமாக ஒத்திகை பார்த்தாள்.

சனிக்கிழமை தூசி சாரிடம் காட்டினாள். அவர் தும்மலும் சிரிப்புமாகத் திணறி, தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். துடைத்துவிட்டுச் சொன்னார்.

“ஒரு பக்கத்தை வச்சுக்கிட்டு ஆடாதீங்க. நான் சொல்லிக் குடுத்தது என்ன? அடுத்த பக்கத்தைப் புரட்டணும்.”

செவ்வாய்க்கிழமை இருவரும் காப்பகத்துக்குப் போனார்கள். நகர சுகாதார அலுவலகத்தின் பதிவேடு அது. நூற்றுப்பதினெட்டு வருஷத்துக்கு முன் வாந்திபேதி ஊரை வாரிக்கொண்டு போன சமயத்தில் எழுதியது. அந்தக் கொள்ளைநோய்க்காக நகர அலுவலகம் பத்துப் பாடை கட்டி, ஆட்களைச் சேர்த்து, ஒருவரைத் தலைவராக வைத்திருக்கிறது. உறவுக்காரர்களே பிணத்தைத் தொடப் பயந்து ஊரைவிட்டு ஓடிய நாட்கள். பெரிய அதிகாரிகள் மூன்று பேர் ‘விடுப்பில்’ என்று எழுதியிருந்தது.

மருந்துக்கடையம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அன்று எடுத்த முப்பத்தேழு பேரின் பட்டியல். விரலால் தடவிக்கொண்டே வந்தாள். உப்புக் கிடங்குக் காவலாளி. தபால்காரர். தபால்காரரின் தாய். பன்னிரண்டாவது, ஒரு கொல்லர். படித்துக்கொண்டே போனவள் முப்பத்தொன்றில் நின்றாள்.

‘31. பாடைத் தலைவர் மனைவி. 32. மேற்படியார் மகள், வயது நான்கு. இவ்விருவரையும் அவரே எடுத்தார்.’

அதற்கடுத்த நாள் வருகைப் பதிவு. ‘பாடைத் தலைவர்: உண்டு.’ அடுத்த நாளும் ‘உண்டு’. நான்காம் நாள்: ‘பணி நேரத்தில் குடித்திருந்தார். எச்சரிக்கப்பட்டார். பாடை சாயவில்லை.’ ஐந்தாம் நாள், ‘உண்டு’.

தூசி சார் தும்மக்கூட இல்லை.

கணவர் போன ஐந்தாம் நாள் அவளும் கடையைத் திறந்தவள்தான். ‘கல்நெஞ்சுக்காரி’ என்று தெருவே சொன்னது. தெருக்கோடி வீட்டில் ஒருவருக்கு இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. வேறு கடை இல்லை. அதை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. இந்தப் பாடைக்காரரிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும் என்று தோன்றியது.

பிறந்தநாள் ஒத்திகை இரண்டும் எங்கேயோ போய்விட்டது. ‘இந்த மனுஷனை அந்த மனுஷன்கிட்ட எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது’ என்பதுதான் இப்போது கவலை.

மறுநாள் மதியம் கண்ணாடிக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம் இல்லை. சம்பந்தி கண் சோதிக்கும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“நான் இல்ல, நீங்க உட்காருங்க,” என்றாள்.

“எனக்கென்ன? என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“பார்ப்போம்.”

அவர் கையில் நகலைக் கொடுத்து, அவர் கடைப் பூதக்கண்ணாடியையே எடுத்துக் கொடுத்தாள். “மூணாவது வரி. எழுத்துக் கூட்டிப் படிங்க.”

“படைத் தலை…”

“எழுத்துக் கூட்டி.”

“ப…” என்றவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம் நெருக்கினார், கொஞ்சம் விலக்கினார். காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது பூச்சி அரிச்சது.”

“மூணு இடத்துலயும் ஒரே மாதிரி அரிக்க அதென்ன படிச்ச பூச்சியா?”

அந்த நேரம் பார்த்து ஒருவர் கண்ணாடியை வாங்கிப்போக வந்தார். சம்பந்தி எழுந்து, இழுப்பறையைத் திறந்து, யாருடையதையோ எடுத்துக் கொடுத்து அனுப்பினார். போட்டுப் பார்த்தவர், “இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“எங்கப்பா சாகும்போது, ‘படைத் தலைவர் வம்சம்டா நீ, நிமிந்து நில்லு’ன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு,” என்றார் சம்பந்தி. “நானும் நிமிந்து நின்னு நின்னு முதுகுவலியே வந்துடுச்சு. கடைசியில பொணம் தூக்கினவனா?”

“அடுத்த பக்கம் கொண்டு வந்திருக்கேன். அதையும் படிச்சுட்டுப் பேசுங்க.”

படித்தார். முப்பத்தொன்றாவது வரியில் அவர் உதடு அசைவது நின்றது. அதன் பிறகு வருகைப் பதிவை ஒவ்வொரு நாளாக, ‘உண்டு’, ‘உண்டு’ என்று மெதுவாகப் படித்தார். குடித்திருந்த நாள் வந்தபோது மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று மருந்துக்கடையம்மாவுக்குத் தெரியவில்லை. பார்க்காதது போல் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தம்மா போயிட்டாங்கன்னா, நாங்க எப்படி வந்தோம்?” என்றார் கடைசியில்.

“அதையும் பார்த்தோம். ஒன்பது மாசம் கழிச்சு ஒரு விதவையைக் கட்டியிருக்காரு. பட்டியல்ல பன்னிரண்டாவது ஆளு, கொல்லர். அவரோட மனைவி.”

“அவரு எடுத்த பொணத்தோட…”

“ஆமா.”

“எங்க பக்கத்துல இந்த மாதிரி ஒண்ணும் கிடையாதுன்னு நான் சொன்னேன், இல்ல?”

“சொன்னீங்க.”

அவர் சிறிது நேரம் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு குழைந்த குரலில் கேட்டார். “நூத்தி நாற்பது பேரு வராங்க சம்பந்தியம்மா. வாள் போட்டு டி-ஷர்ட் அடிச்சாச்சு. நீங்க எழுதிக் குடுக்கறதுல அந்தக் கால் மட்டும் இல்லாம எழுதிட்டா என்ன? உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“டாக்டர் எழுதாத மாத்திரையை நான் குடுத்ததே இல்ல சம்பந்தி. காகிதத்துல கால் இருக்கும். மேடையில நீங்க என்ன பேசினாலும் சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உங்க குடும்பம், உங்க பாடு.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. குழந்தை முதல் கிழவர் வரை எல்லார் நெஞ்சிலும் வாள். மருமகளுக்குக் கொடுத்த டி-ஷர்ட்டை அவள் தோளில் துண்டாகப் போட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையம்மாவைக் கடைசி மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே அவளுக்குத் துணையாக ஒரே ஒரு ஆள், சம்பந்தியின் சித்தப்பா மகன், ஐம்பது வயது இருக்கும். “போக்குவரத்துத் துறையில இருக்கேங்க,” என்றார். பஸ்ஸா லாரியா என்று அவள் கேட்டபோது தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்.

தலைமையாசிரியர் அண்ணன் முக்கால் மணி நேரம் வீரத்தைப் பற்றிப் பேசினார். சிலை எட்டடியா பத்தடியா என்று கை தூக்கச் சொன்னார். பத்தடி வென்றது. பிறகு ஆதாரத்தை வாசிக்கத் தம்பியை அழைத்தார்.

சம்பந்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார். மருந்துக்கடையம்மா எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. அவருடைய மனப்பாடமும் நாக்கில் இருந்தது. இரண்டில் எது வரப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“நம்ம கொள்ளுத்தாத்தா,” என்றார், “படை…” நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். “பாடைத் தலைவர்.”

அண்ணன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். “மைக்கு இழுக்குது.”

“மைக்கு இழுக்கல அண்ணே. பாடைதான். நாம இத்தனை நாளா ஒரு காலை முழுங்கிட்டோம்.”

முன்வரிசையில் ஒருவர், “பாடைன்னா… அந்தப் பாடையா?” என்றார். “வேற எந்தப் பாடை இருக்கு, இட்லிப் பாடையா?” என்றாள் அவர் மனைவி.

சம்பந்தி நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் வாசித்தார். மூங்கில், கயிறு, முப்பத்தேழு பேர், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, உண்டு, உண்டு, குடித்திருந்தார், பாடை சாயவில்லை, கொல்லரின் மனைவி. குரல் ஓரிடத்தில் உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்தார்.

அண்ணன் மேடையிலேயே பாய்ந்தார். “குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியேடா! யாரோ சொன்னாங்கன்னு நம்ம ரத்தத்தையே…” என்று தொடங்கி, கடைசி மேசையைக் கையால் சுட்டினார். நூற்று நாற்பது தலைகள் மருந்துக்கடையம்மாவை நோக்கித் திரும்பின. அவள் சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சிரித்திருப்பாள்.

அப்போதுதான் போக்குவரத்துத் துறை எழுந்து நின்றது.

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்றார் அந்தச் சித்தப்பா மகன். ஒலிபெருக்கி இல்லாமலே குரல் எட்டியது. “நான் பஸ் ஓட்டல. ஆஸ்பத்திரிப் பொண வண்டி ஓட்டறேன். பத்தொன்பது வருஷமா. அண்ணன்தான் வெளிய சொல்லாதேன்னாரு. போன பெரிய காய்ச்சல்ல நானும் ஒரே நாள்ல பதினாலு பேரைக் கொண்டுபோனேன். அப்பவும் என்னைப் பந்தியில தனியாத்தான் போட்டீங்க.” சுற்றிலும் பார்த்துவிட்டு, “அப்படிப் பார்த்தா, இங்க இருக்கற எல்லாரையும் விட நான்தான் நேர் வாரிசு. சிலை வைக்கறதா இருந்தா என் அனுமதி வேணும்” என்றார்.

மருமகள்தான் முதலில் கை தட்டினாள். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் எழுந்தது. பாதிப் பேர் தட்டவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களும் உண்டு. சாப்பாடு முடிந்த பிறகுதான் வெளியேறினார்கள்.

அதன் பிறகு குலம் இரண்டாகப் பிரிந்தது. வாட்ஸ்அப்பில் அண்ணன் தலைமையில் ‘படை’ என்று ஒரு குழு, தம்பி தலைமையில் ‘பாடை’ என்று ஒரு குழு. முதல் குழுவில் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் பேச்சும் ஏச்சுமாகக் கலகலப்பு. படைக் குழுவில் இருப்பவர்களே வேடிக்கை பார்க்கத் திருட்டுத்தனமாக இதிலும் சேர்ந்துகொண்டார்கள். பத்தடிச் சிலை அப்படியே பேச்சில் நின்றது.

சம்பந்தி அடக்கமான மனிதராக மாறிவிட்டார் என்று யாராவது நினைத்தால் அவரைத் தெரியாதவர்கள். முன்பு படைத்தலைவர் பிடித்து ஆட்டினார் என்றால் இப்போது பாடைத்தலைவர். “உங்க தாத்தாவெல்லாம் ஊரை விட்டு ஓடினப்ப எங்க தாத்தா ஒருத்தர்தான் நின்னாரு,” என்று கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். இருமிக்கொண்டு வருகிறவர்களிடம் சொல்லும்போது மட்டும் அது நன்றாக இல்லை. மருமகள் கண்டித்து நிறுத்தினாள்.

ஒரு சனிக்கிழமை அவர் நூலக மாடிப்படி ஏறி வந்தார். பல் மருத்துவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு அந்த முப்பத்தொண்ணு வேணும்,” என்றார். “‘பாடைத் தலைவர் மனைவி’ன்னு மட்டும் போட்டிருக்கு. அந்தம்மாவுக்கு ஒரு பேரு இருந்திருக்கும் இல்ல?”

“நீங்க அவங்க வழியில வரலையே சார்,” என்றார் தூசி சார்.

“வரலைன்னா என்ன? அவங்க போனதாலதான நான் வந்தேன்.”

மோசமான மாணவர். பாதிப் பாடத்தில் தன் கதையைச் சொல்வார், அடுத்தவர் நகலைத் தப்பாகப் படித்துக் குழப்புவார், பதிவேட்டைக் கண்டால் எச்சில் தொட்டுப் புரட்டக் கை நீட்டுவார். தூசி சார் அளவுகோலால் கையைத் தட்டிவிடுவார். ஆனால் ஒரு வாரம்கூட வராமல் இருக்கவில்லை. எட்டு மாதம் தேடினார்கள். கடைசியில், பாடைத் தலைவரின் முதல் கல்யாணம் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு துறைமுக ஊரில் பதிவாகியிருக்கலாம் என்று துப்புக் கிடைத்தது. மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

அங்கே பதிவறை ஓர் அலமாரி அகலம்தான். எழுத்தர் கனமான புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டார். மருந்துக்கடையம்மா பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்து, தான் படிக்காமல் சம்பந்தியின் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணமகள் என்ற கட்டத்தில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். தப்பாகப் படித்தார். அவள் திருத்தினாள். சரியாக இன்னொரு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொன்னபோது அந்த அறையின் எழுத்தர், “சத்தம் போடாதீங்க சார்” என்றார்.

பெயருக்குக் கீழே, மணமகளின் தொழில் என்ற இடத்தில், ‘பாய் முடைவது’ என்று இருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மருந்துக்கடையம்மா ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். தூசி சார் ஏறியதுமே தூங்கிவிட்டார். சம்பந்திக்கு ஒரு முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

“நீங்க எந்தப் பக்கம்? உங்க கொள்ளுத்தாத்தா பேரு தெரியுமா உங்களுக்கு?” என்று அவர் ஆரம்பிப்பது அவள் காதில் விழுந்தது.

அந்த ஆள் தன்னுடைய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து போனார்.